கரையோரத்தில் செல்போன் காட்டும் இடம்: வாசகர் கேள்விகள்

கேள்வி (கீழக்கரை): சென்னையிலிருந்து வீடு மாறி வந்தோம். பழைய வைஃபை ரவுட்டரைப் பொருத்தியதும் மேப்பில் நான் சென்னையில் இருப்பதாகவே காட்டுகிறது. போன் பழுதா?

பதில்: போனில் பழுதில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் தன் அடையாள எண்ணை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கின்றன. உங்கள் ரவுட்டர் அதில் இன்னும் சென்னைவாசி. வீடுகள் நெருங்கிய தெருவென்றால், அக்கம்பக்கத்து வைஃபைகள் சொல்லும் சாட்சியால் பிழை சீக்கிரம் திருந்தும். தனி வீடென்றால் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை மொட்டைமாடிக்குப் போய் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள்.

கேள்வி (மண்டபம்): ஐயா, என் கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகும்போது லொகேஷன் பகிர்ந்துவிட்டுப் போகிறார். சில நேரம் புள்ளி கரைக்கே திரும்பிவிடுகிறது. எதை நம்புவது?

பதில்: அம்மா, புள்ளியைச் சுற்றியுள்ள நீல வட்டத்தை முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு கணக்கில், ஆள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை வெளியே இருக்கலாம். ஈரம் படாமலிருக்கப் பலர் போனைச் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைக்கிறார்கள். வானம் மறைந்தால் ஜிபிஎஸ் தடுமாறும்; கடலில் வைஃபையும் கிடையாது. மிஞ்சுவது டவர் மட்டும். அது கரையில் நிற்பதால் ஊகமும் கரைப்பக்கமே சாயும், பிழை கிலோமீட்டர் கணக்கில் போகும். திறந்த வானத்தில் ஜிபிஎஸ் பிழை சுமார் 5 மீட்டர்தான். போனை மேலே வைக்கச் சொல்லுங்கள்.

சிக்னல் போய்விட்டால் கடைசியாகத் தெரிந்த இடமே திரையில் நிற்கும். அது எத்தனை மணிக்குப் பதிவானது என்று பாருங்கள். ஆபத்தென்றால் தாமதிக்காமல் கடலோரக் காவல் படையை 1554இல் அழையுங்கள். இலங்கையுடனான கடல் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டாரா என்பதை டவர் காட்டும் புள்ளியை வைத்து முடிவு செய்யவே கூடாது. அந்தப் பிழைக்குப் படகையும் ஆளையும் விலையாகக் கொடுக்க நேரும்.

கேள்வி (ராமேஸ்வரம்): தனுஷ்கோடியில் இலங்கைக்கு வரவேற்கும் செய்தி வந்தது. ஏன்?

பதில்: தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாததால் அங்குள்ள டவரைப் போன் பிடித்துவிடுகிறது. ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை நீங்களே தேர்வு செய்யுங்கள். இல்லையேல் கட்டணம் ஏறும்.

கேள்வி (தொண்டி): டேட்டா இல்லாமல் ஜிபிஎஸ் இயங்குமா?

பதில்: இயங்கும். முதலில் இடம் பிடிக்கச் சற்று நேரமாகும். வரைபடத்தைக் கரையிலேயே பதிவிறக்கி வையுங்கள்.