மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: பவானியில் தறி ஓட்டுகிறோம். வருட வருமானம் 1,80,000 ரூபாய். மகள் பத்தாவது வரை அரசுப் பள்ளி, அப்புறம் இரண்டு வருடம் தனியார் பள்ளி. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை. கவுன்சலிங்கில் இன்ஜினீயரிங் சீட் கிடைக்கும் நிலைமை. தெரிந்தவர் ஒருவரோ, "பெரிய காலேஜில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன், பேங்க் லோன் போட்டுக்கலாம்" என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வங்கியில் கல்விக்கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், கவுன்சலிங் சீட்டை விடாதீர்கள்.

கடைசி இரண்டு வருடம் தனியார் பள்ளி என்பதால் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உங்கள் மகளுக்கு வராது. ஆனால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இருக்கிறது. அது கவுன்சலிங்கில் சேர்ந்தால் மட்டும்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் கட்டணமும் கூடும், சலுகையும் போகும். உங்கள் 'தெரிந்தவர்' இதைச் சொல்லியிருக்க மாட்டார். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

மிச்சத்துக்குக் கடன் வாங்கலாம், தப்பில்லை. 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. வீட்டுப் பத்திரம் கேட்டால், அந்த விதியைச் சொல்லி மறுத்துவிடுங்கள். பெற்றோர் ஒருவர் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். சரி, வட்டி ஏறாதா? வருடம் 1 லட்சம் வீதம் நாலு வருடம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகும்போது தனிவட்டியே 1,40,000 ரூபாய் நிற்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசே கட்டும். ஆனால் கல்லூரிக்கு, கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் அங்கீகாரமோ, மகள் சேரும் பிரிவுக்கு, பாடப்பிரிவின் தரத்தைப் பார்க்கும் என்.பி.ஏ. (NBA) அங்கீகாரமோ இருக்க வேண்டும். கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிப் பட்டியல் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். கட்டடத்தைப் பார்த்து வரிசை போடாதீர்கள்.

மாணவிகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தரும் பிரகதி உதவித்தொகையும் உண்டு, வருடம் 50,000 ரூபாய். முதல் வருடத்திலேயே தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண்படிதான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதால், அந்தப் பணத்தை நம்பி மட்டும் கணக்குப் போட வேண்டாம்.