பிரிட்ஜ் சீட்டாட்டக் கேள்வி பதில்: கிளாவரே இல்லாம 2 கிளாவரா?

கேள்வி: ஏலத்துல பார்ட்னர் 1 நோ ட்ரம்ப்ல (துருப்பே இல்லாம ஆடலாம்ங்கற ஏலம், கையில பெரிய சீட்டுங்களோட மதிப்பு 15-17 பாயிண்ட்) ஆரம்பிச்சார். எனக்கு 10 பாயிண்ட், இஸ்பேட் 4, ஹார்ட்டின் 3. 2 கிளாவர் சொல்லணும்னாங்க, ஆனா எங்கிட்ட கிளாவர் துக்கடா ரெண்டுதான். சொல்லலாமா?

பதில்: தாராளமா சொல்லுங்க, அதுக்குப் பேர்தான் ஸ்டேமன். அந்த 2 கிளாவருக்கும் கையில இருக்கற கிளாவருக்கும் சம்பந்தமே இல்ல, "ஹார்ட்டின்லயோ இஸ்பேட்லயோ 4 சீட்டு இருக்கா"ன்னு கேக்கறீங்க அவ்ளோதான். இல்லன்னா அவர் 2 டைமன் சொல்வார், இருந்தா அதைச் சொல்வார், ரெண்டுமே இருந்தா வழக்கமா ஹார்ட்டின் முதல்ல. இப்ப அவர் 2 ஹார்ட்டின்னு சொன்னா நீங்க 3 நோ ட்ரம்ப் போங்க. இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் வருது, 'ஹார்ட்டின் வேணாங்கறார், ஆனா ஸ்டேமன் கேட்டார், அப்ப இஸ்பேட் 4 இருக்கணும்'னு அவர் யோசிச்சு, அவர்கிட்டயும் இஸ்பேட் 4 இருந்தா 4 இஸ்பேடுக்கு மாத்திடுவார். நீங்க இஸ்பேடுன்னு வாயே தொறக்கல பாருங்க! சாம் ஸ்டேமன் 1945ல இதைப் பத்தி எழுதினதால அவர் பேர் நின்னுடுச்சு, யோசனை என்னவோ அவரோட பார்ட்னர் ஜார்ஜ் ரபேயோடது.

கேள்வி: இஸ்பேட் துருப்புன்னு முடிவாச்சு. எங்கிட்ட 1 ஏஸ். பிளாக்வுட் 4 நோ ட்ரம்ப் (பார்ட்னர்கிட்ட ஏஸ் எத்தனைன்னு கேக்கற ஏலம்) கேட்டேன், பார்ட்னர் 5 ஹார்ட்டின், அதாவது 2 ஏஸ். 6 இஸ்பேட் (13ல 12 பிடி எடுக்கணும்) போனேன். எதிராளி கிளாவர் ஏஸ், கிங் ரெண்டையும் அடிச்சுட்டாங்க, ஒரு பிடி குறைஞ்சு தோத்துட்டோம். பிளாக்வுட் தப்பா?

பதில்: பிளாக்வுட் மேல தப்பில்ல, கேட்ட நேரம்தான் தப்பு. அது ஏஸ் எத்தனைன்னுதான் சொல்லும், எந்த சூட்ல ஓட்டைன்னு சொல்லாது. ஒரு சூட்ல ஏஸும் கிங்கும் இல்லாம ரெண்டு சின்ன சீட்டு வச்சிருந்தா உடனே 4 நோ ட்ரம்புக்குத் தாவாதீங்க, முதல்ல க்யூ பிட் (எந்த சூட்ல கன்ட்ரோல், அதாவது எதிராளி முதல் ரெண்டு பிடியையும் எடுக்க விடாத பலம், இருக்குன்னு காட்டற ஏலம்) பண்ணுங்க. துருப்பு முடிவானப்புறம் 4 கிளாவர்னா கிளாவர்ல எனக்குக் கன்ட்ரோல் இருக்குன்னு அர்த்தம். பார்ட்னர் 4 கிளாவர் சொல்லாம தாண்டி 4 டைமன் சொன்னாரா, கிளாவர் அவர்கிட்டயும் இல்ல, 4 இஸ்பேடோட நிறுத்திக்கலாம்.

கேள்வி: புது ஜோடி நாங்க, எத்தனை கன்வென்ஷன் (தனி அர்த்தம் பேசி வச்ச ஏலம்) கத்துக்கணும்?

பதில்: ஸ்டேமன், ட்ரான்ஸ்ஃபர் (நம்ம சூட்டைப் பார்ட்னர் வாயால சொல்ல வைக்கற ஏலம்), பிளாக்வுட் போதும். ஆனா நடுவுல எதிராளி டபுள் (நம்ம ஏலத்து மேல அவங்க சொல்ற தனி ஏலம்) சொன்னா ஸ்டேமன் உண்டா, எதிராளி ஏலத்தை ஆரம்பிச்சப்புறம் பார்ட்னர் ஓவர்கால்ல 1 நோ ட்ரம்ப் சொன்னா உண்டாங்கறதெல்லாம் உக்காந்து பேசிக்கோங்க. எதிராளி கேட்டா அர்த்தத்தை மறைக்காம சொல்லிடணும், ரகசிய ஒப்பந்தத்துக்கு விதியில இடமே கிடையாது.