சூரியப் படலும் கைத்தொலைபேசியும் காபன் கணக்கும்: கேள்வி பதில்

கோப்பாய், வெங்காயச் செய்கையாளர்: ஐயா, கிணற்று மோட்டருக்குச் சூரிய மின்சாரம் எடுத்தால் காபன் உண்மையிலேயே குறையுமா? படலைச் செய்வதற்கே நிறைய எரிபொருள் போகிறதாமே?

பதில்: அந்த எரிபொருளையும் கணக்கிற் சேர்த்த பின்பும் குறையும் என்கிறேன். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியற்குழு 2014 இல் தந்த நடுத்தர மதிப்பீட்டின்படி, ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம், கூரைச் சூரியப் படல் 41 கிராம், தரையில் நிறுவிய காற்றாலை 11 கிராம் என்றவாறு காபனீரொக்சைட்டு வெளியேறுகிறது. ஒரு குதிரைவலு மோட்டர் மூன்று மணி நேரம் இறைத்தால் ஏறத்தாழ 2.25 அலகு செலவாகும். அது நிலக்கரியில் 1.8 கிலோகிராம், படலில் 100 கிராமுக்கும் குறைவு. பகலிலேயே இறைப்பதால் உங்களுக்கு மின்கலமும் தேவைப்படாது. ஆனால் மின்சாரம் இலவசம் என்று அளவுக்கு மீறி இறைத்துவிடாதீர்கள். நமது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீருக்கு மழையைத் தவிர வேறு வரவு இல்லை, நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே ஏறும். படலில் ஒட்டும் செம்மண் தூசியை, வெயில் ஏறுமுன் மழைநீர் ஊற்றி மெல்லிய துணியால் துடையுங்கள். கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளைச் சுண்ணாம்புக் கறை படிந்துவிடும்.

சாவகச்சேரி, ஆசிரியை: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைப் படல்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி கேட்டார்கள். வெயில் மின்சாரத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. மின்வலையமைப்பில் ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் பாவனையும் சமமாக இருந்தால்தான் அதிர்வெண் 50 ஹேட்ஸில் நிற்கும். விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்க, நண்பகல் வெயிலோ உச்சத்தில் இருக்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரி இயந்திரங்களை நினைத்தவுடன் நிறுத்தி நினைத்தவுடன் இயக்க முடியாது. ஆகவே மிஞ்சும் உற்பத்தியைக் குறைக்கவே படல்களை நிறுத்தக் கேட்டார்கள். ஆனால் சூரியன் மறைந்ததும், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில், எண்ணெய் எரிக்கும் நிலையங்களும் தேவைப்படுகின்றன. இங்குதான் டிஜிட்டல் தொழில்நுட்பம் மெய்யாகவே காபனைக் குறைக்கக்கூடும் என்பது என் உறுதியான கருத்து: முற்றாக நிறுத்தாமல் தேவையான அளவு மட்டும் தொலைவிலிருந்து குறைக்கக்கூடிய இன்வேட்டர்களும் (படலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் கருவிகள்), நேரத்துக்கேற்ற கட்டணத்தைக் காட்டும் மின்மானிகளும், மின்கலங்களும் பரவினால் வீணாகும் பகல் மின்சாரம் இரவுக்கு உதவும். அதுவரை, தண்ணீர்த் தாங்கியை நிரப்புவதையும் உடுப்பு மினுக்குவதையும் நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி, மாணவர்: காணொளியும் செயற்கை நுண்ணறிவும் காபனைக் கூட்டுகின்றனவா?

பதில்: கூட்டுகின்றன. சர்வதேச சக்தி முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, உலகின் தரவு நிலையங்கள் 2024 இல் ஏறத்தாழ 41,500 கோடி அலகு மின்சாரத்தைச் செலவிட்டன. இது உலக மின்பாவனையில் 1.5 சதவீதம், 2030 இல் இரு மடங்குக்கு மேலாகும் என்றும் அது கணிக்கிறது. ஆயினும் உங்கள் கையிலுள்ள தொலைபேசியின் ஆயுட்கால உமிழ்வில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. ஆகவே மின்கலத்தை மாற்றி இன்னும் இரண்டு ஆண்டுகள் பாவிப்பது, காணொளியைக் குறைப்பதைவிடப் பயன் தரும்.

நெடுந்தீவு, கடற்றொழிலாளர்: எங்கள் தீவுக்கு டீசல் மின்சாரம்தான் கதியா?

பதில்: இல்லை. எழுவைதீவில் சூரியன், காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்த கலப்பு முறை ஏற்கெனவே நிறுவப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கும் இந்திய நன்கொடையில் அவ்வாறான திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இவ்வகை முறையில், மின்கலத்தின் இருப்பைப் பார்த்து டீசல் இயந்திரத்தை எப்போது இயக்குவது என்று கட்டுப்பாட்டுக் கணினியே தீர்மானிக்கும். வெயிலும் காற்றும் போதிய அளவு கிடைக்கும் வேளைகளில் இயந்திரம் ஓய்ந்திருக்கும்.