உயில் எழுதாமல் அப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரி பாக்கி யார் தலையில்?

அப்பா இறந்து பத்து நாள் ஆகிறது, உயில் இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் பாக்கியைக் கேட்டு போன் செய்கிறார்கள், மகன் கட்டியே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, பட்டவன்.

ஊர் செங்கோட்டை. அப்பாவை ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினோரு நாள் இருந்தார். பில் 3,12,000, முன்பணம் போக 1,62,000 பாக்கி.

சேர்க்கும்போது எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். கூட இருப்பவரை அங்கே 'பைஸ்டாண்டர்' என்பார்கள். அந்தப் பாரத்தில் 'செலவு முழுவதற்கும் நான் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தால் உங்களிடமே கேட்பார்கள். நான் படிக்காமல் போட்டுவிட்டேன் (அந்த ராத்திரியில் யார் படிப்பார்?). அப்படி எதுவும் போடவில்லை என்றால் அது அப்பாவின் கடன். அவர் விட்டுப்போனதில் உங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

பாக்கி இருந்தால் உடலைத் தரமாட்டார்களோ என்று பயந்துதான் பலர் எதிலும் கையெழுத்துப் போடுகிறார்கள். பணத்துக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனமே சொல்கிறது.

அப்புறம், மொத்தத் தொகை மட்டும் போட்ட தாளை ஒத்துக்கொள்ளாதீர்கள். இனம் வாரியாகப் பிரித்த பில் கேளுங்கள். நாங்கள் கேட்டதும் முப்பது பக்கம் வந்தது. தங்கச்சி தரையில் பரப்பி வைத்துப் பேனாவால் டிக் அடித்தாள். பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த ஊசி மருந்துகள் கழிக்கப்படவே இல்லை; 11,300 ரூபாய் குறைந்தது.

சரி, எந்தப் பணத்தில் கட்டுவது? உயில் இல்லாததால் 1956ஆம் வருட இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, நான், தங்கச்சி, அப்புறம் எங்கள் ஆச்சி, நாலு பேருக்கும் சமபங்கு. ஆச்சியை எல்லோருமே மறந்துவிட்டோம். மகன் சொத்தில் பெற்ற தாய்க்கும் பங்கு உண்டு. அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கு அம்மா நாமினி என்பதால் அந்தப் பணம் சீக்கிரம் வந்தது. நாமினி கையில் வாங்குகிறவர்தான், பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. அதனால் நாலு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு (ஆச்சி கைநாட்டு) அதிலிருந்தே பாக்கியைக் கட்டினோம். உங்கள் கைக்காசைப் போட்டால் ரசீதை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அப்பாவின் ஏடிஎம் கார்டில் மட்டும் எடுக்காதீர்கள், பின் நம்பர் தெரிந்திருந்தாலும்.

இறப்புச் சான்றிதழ் இறந்த இடத்தில்தான் கிடைக்கும், எங்களுக்குத் திருவனந்தபுரம் மாநகராட்சியில். வாரிசுச் சான்றிதழ் நம்மூர் தாசில்தாரிடம். ஆஸ்பத்திரி இறப்புத் தகவலை மாநகராட்சிக்கு அனுப்புவதற்குள் பெயரை ஆதாரோடு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயர் சண்முகம். இங்கிலீஷில் எழுதும்போது மலையாள வழக்கப்படி நடுவில் ஒரு 'எச்' சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு எழுத்தை எடுக்க நான் மூன்று தடவை மலை தாண்டிப் போய் வந்தேன்.