அம்மாவுக்குப் பன்னிரண்டு மணி நேர நர்ஸ் தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அல்சூரில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பக்கத்திலேயே இந்திராநகரில் இருக்கிறேன். சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின், பிபிக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை. மூன்று வாரத்துக்கு முன் விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. சமையல், குளியல், ஊசி எல்லாம் இன்னும் அவரேதான். ஒரு ஏஜென்சி பன்னிரண்டு மணி நேர நர்ஸ் அனுப்புவதாகச் சொல்கிறது. அம்மாவோ "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், எவளையும் உள்ளே விடமாட்டேன்" என்கிறார். ஓசூர் பக்கம் இருக்கும் பெரியம்மாவுக்கு வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெங்களூரில் அப்படி ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கூடவே உட்கார ஆள் வேண்டாம் என்பது என் கருத்து. வீடு தேடிப் போய்ப் பழகிய ஒரு சமூக நல நர்ஸ் முதல் மாதம் வாரம் ஒரு முறையும், அப்புறம் மாதம் ஒன்றிரண்டு முறையும் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனால் போதும். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கீழே சொல்வதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு அவசரக் கேள்வி. விழுந்தபோது தலையில் அடி பட்டதா? அம்மா ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? வயதானவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம், விழுந்து சில வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். புதிதாகத் தலைவலி, பகலிலும் தூக்கம், பேச்சில் குழப்பம், நடக்கும்போது ஒரு பக்கம் இழுப்பது, இதில் எது தெரிந்தாலும் நர்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இதைக் காட்டாது.

சரி, இப்போது நர்ஸ் விஷயத்துக்கு வருவோம். "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று குடும்பம் ஒரே வரியில் முடித்துவிடும். நல்ல நர்ஸ் அங்கேதான் ஆரம்பிப்பார். விடியற்காலை என்றால் எத்தனை மணி? படுக்கையில் இருந்து எழுந்ததும் விழுந்தாரா, நாலு எட்டு நடந்த பிறகா? வியர்த்ததா? முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார்?

எழுந்ததும் தலை சுற்றியது என்றால் அம்மாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி பார்ப்பார். பிறகு நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழுந்து நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். பிபி மாத்திரையின் அளவையும் நேரத்தையும் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். கூட்டம் நெரியும் ஓபிடியில் நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு முறை பார்க்கும் பிபியில் இது அகப்படவே அகப்படாது. "பிபி நார்மல்" என்று சீட்டில் எழுதியிருக்கும், ஆள் மட்டும் விழுந்துகொண்டிருப்பார்.

வியர்த்தது, படபடப்பாக இருந்தது என்றால் சந்தேகம் சர்க்கரை இறங்கியதன் மேல். ராத்திரி இன்சுலினை வழக்கப்படி போட்டுக்கொண்டு, "பசிக்கலை, ரெண்டு இட்லி போதும்" என்று படுப்பது நம் வீடுகளில் சகஜம். ஏகாதசி, கிருத்திகை என்றால் அதுவும் கிடையாது. விரதம் இருப்பவர் இன்சுலினை மட்டும் விரதத்தில் சேர்க்கமாட்டார்! அதனால்தான் தமிழ்க் குடும்பங்களுக்குப் போய்வரும் நர்ஸ் நாட்காட்டியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். விரத நாளில் எவ்வளவு ஊசி என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துவிடலாம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. அம்மா கையாலேயே ஒரு முறை செய்ய வைக்க வேண்டும்.

ஊசியை அவரே போட்டுக்கொள்கிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் அவர் போடுவதை யாராவது பக்கத்தில் இருந்து பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்தியில் வருகிறது, ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், கோடு சரியாக இருந்தாலும் உள்ளே போகும் மருந்து இரண்டரை மடங்கு. மாற்றிப் போட்டால் பாதிகூடப் போகாது. மருந்துக் கடையில் "அது ஸ்டாக் இல்லை, இதை வெச்சுக்கோங்க" என்று ஒரு நாள் மாற்றிக் கொடுத்தால் போதும். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம், கண்புரை உள்ளவருக்கு மங்கிய விளக்கில் எங்கே தெரியப் போகிறது? நர்ஸ் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அப்புறம் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டியிருந்தால், அங்கே போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. சர்க்கரை தாறுமாறாக இருக்கிறது என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது மாத்திரை டப்பா. பழைய பிஸ்கட் டின்னில் கத்தரித்த அட்டைகளும், எதற்கு என்று யாருக்கும் தெரியாத மாத்திரைகளுமாகக் கிடக்கும். நர்ஸ் அதை மேஜையில் கொட்டிச் சீட்டோடு ஒப்பிடுவார். டெல்மிசார்டான் என்ற ஒரே பிபி மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டும் ஓடிக்கொண்டிருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். இதய டாக்டர் ஒன்று எழுதியிருப்பார், சர்க்கரை டாக்டர் இன்னொன்று எழுதியிருப்பார், இரண்டு பேரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். மூட்டுவலிக்கு நாள்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிபியையும் ஏற்றும். தூக்கத்துக்கு யாரோ எப்போதோ கொடுத்த அல்ப்ராசோலம் பாதி ராத்திரி எழும்போது தள்ளாட வைக்கும். சளி மாத்திரையில் உள்ள மயக்கம் தரும் மருந்துகூட இந்த வயதில் குழப்பத்தைக் கொண்டுவரும். நீர் மாத்திரை இருந்தால், அதை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். ராத்திரி சாப்பிட்டால் மூன்று மணிக்கு பாத்ரூம் போகத்தானே வேண்டும்? ஆனால் எதையும் நர்ஸ் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தமாட்டார், நிறுத்தவும் கூடாது. பார்த்ததை எழுதி டாக்டருக்கு அனுப்புவார். எழுதாத நர்ஸை நான் நம்பமாட்டேன்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி, வாசற்படியில் பளிச்சென்று ஒரு பட்டை, உள்ளே தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்துவது. பல பழைய வீடுகளைப் போலக் கழிப்பறை பின்கட்டில் இருந்தால், ராத்திரிக்கு மட்டும் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி வைக்கலாம். அம்மா முகம் சுளிப்பார். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சின்னச் சோதனை. நாற்காலியில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் மறுபடி விழும் அபாயம் அதிகம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப் வைத்து 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சதை கரைகிறது, சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்று பார்ப்போம். அந்தக் காலிலேயே பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்த்துவிடுவார். சர்க்கரைக்காரருக்குச் செருப்பு கடித்த புண்கூட வலிக்காமலே பெரிதாகும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். விழுந்த பிறகு அம்மா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாரா? சோமேஸ்வரர் கோயில் பிரதோஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் "கூட்டமா இருக்கும், வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தால் அது கூட்டத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது. பயம். பயந்து நடையைக் குறைத்தால் கால் பலம் போகும், பலம் போனால் மறுபடி விழுவார். பன்னிரண்டு மணி நேரமும் ஆள் வைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுப்பதில் எனக்குள்ள தயக்கமே இதுதான். பத்திரமாக இருப்பார், ஆனால் ஆறு மாதத்தில் நாற்காலியை விட்டு எழமாட்டார். நர்ஸ் கால் பலத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, முதல் வாரம் தெருமுனை, அடுத்த வாரம் கடை என்று நடக்க வைப்பார்.

ஏஜென்சி அனுப்பும் "நர்ஸ்" யார் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ஏஎன்எம் இரண்டு வருடப் படிப்பு, ஜிஎன்எம் மூன்று, பிஎஸ்சி நர்சிங் நான்கு. மூவருக்கும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டதும் காட்டுவார்கள். மழுப்பினால், வருபவர் சில மாதப் பயிற்சி பெற்ற அட்டெண்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டெண்டர் மட்டமில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப்போட அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் இன்சுலின் அளவை அவர் தீர்மானிக்கக் கூடாது. அம்மா மறுபடி விழுந்தாலோ, ஊசி போட்டோமா இல்லையா என்று மறக்க ஆரம்பித்தாலோ, தனியாகக் குளிக்க முடியாமல் போனாலோ கூடவே ஆள் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பெரியம்மாவுக்குக் கிடைப்பது தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் உங்கள் பெரியம்மா இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். மாநில எல்லை தாண்டினால் அது கிடையாது. கர்நாடகத்தில் கிருஹ ஆரோக்ய என்ற திட்டத்தை 2024இல் கோலாரில் தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்து பிபி, சர்க்கரை போன்றவற்றைப் பரிசோதிப்பது. உங்கள் பகுதியின் ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் கேட்டால் வார்டு நிலவரம் சொல்வார். அதைவிடக் கையில் இருப்பது நம்ம கிளினிக் என்ற அரசு மருத்துவமனை. டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் உண்டு, பரிசோதனையும் பிபி, சர்க்கரை மாத்திரையும் இலவசம். வசதி இருக்கிறதே, அங்கே எதற்கு என்று நினைக்காதீர்கள். அம்மா மாதம் ஒரு முறை நடந்து போய் வர ஒரு இடம், முகம் தெரிந்த ஒரு சிஸ்டர், இரண்டும் அங்கே கிடைக்கும். முதியோருக்கான உதவி எண்கள் இரண்டு: நாடு முழுவதுக்கும் 14567, பெங்களூர் போலீசும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் சேர்ந்து நடத்தும் 1090. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108. பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

"எவளையும் விடமாட்டேன்" என்கிறாரே, அதற்கு. "உனக்கு முடியலை, அதான் நர்ஸ்" என்று ஆரம்பித்தால் கதவு சாத்தியதுதான். "எனக்கு ராத்திரி தூக்கம் வரலைம்மா, என் நிம்மதிக்காக ஒரே ஒரு தடவை" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. தமிழ் பேசும் நர்ஸ் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். இந்த ஊரில் அது பெரிய கஷ்டமில்லை, மலையாளி நர்ஸ்களில் பலர் நன்றாகவே பேசுவார்கள். வந்தவர் அம்மாவிடம்தான் பேச வேண்டும். கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். முடிந்தால் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். மகளிடம் சொல்லாத மூத்திரக் கசிவையும் மனக் குறையையும் வெளி ஆளிடம் சொல்லும் அம்மாக்கள் நிறையப் பேர்.

முதல் நாளுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். டின்னில் இருப்பது, ஃபிரிஜ்ஜில் இருப்பது, தலையணைக்கு அடியில் இருப்பது, நாட்டு மருந்துக் கடைச் சூரணம், வலித் தைலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுக்கி வைக்க வேண்டாம், காலாவதியானதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அப்படியே இருந்தால்தான் எதைச் சாப்பிட்டார், எதை விட்டார் என்று அட்டையில் மிச்சமிருப்பதை எண்ணிச் சொல்ல முடியும்.