வாசகர் கேட்டவை: வெஸ்ட் பொயின்ட் பேஸ்போல் அணியும் வரும் பருவமும்

கேள்வி: தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியின் கெடட் அதிகாரிகள் காலை வேளையில் அணியணியாக ஓடுவதைப் பாடசாலைக்குப் போகும்போது காண்கிறேன். ஐக்கிய அமெரிக்காவின் இராணுவக் கல்லூரிக்குப் பேஸ்போல் அணி ஒன்று இருக்கிறதென்றும், அது மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோதுகிறதென்றும் என் மாணவன் ஒருவன் சொன்னான். படைப் பயிற்சி பெறுகிறவர்களுக்கு விளையாட்டுக்கு நேரம் எங்கே இருக்கிறது, ஐயா?
– ஆசிரியை ஒருவர், பண்டாரவளை

பதில்: உங்கள் மாணவன் சொன்னது சரி, டீச்சர். நியூயோர்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் 1802ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியின் அணியைத்தான் அவன் குறிப்பிட்டிருக்கிறான். அங்கே விளையாட்டு, நேரம் மிஞ்சினால் ஆடுகின்ற பொழுதுபோக்கு அன்று. பயிற்சியிலேயே ஒரு பங்கு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. வெஸ்ட் பொயின்ட் அணியும் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரி அணியும் பேஸ்போலில் முதன்முதலாக மோதியது 1901ஆம் ஆண்டில். அந்தப் போட்டியில் இராணுவக் கல்லூரிக்காக ஆடியவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் போர்முனையில் பெயர் பெற்ற ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர். அவர் 1919இல் அதே கல்லூரிக்குத் தலைவராகத் திரும்பி வந்தபோது, கல்லூரி அணிகளில் இடம் கிடைக்காத கெடட்டுகளும் ஏதேனும் ஒரு விளையாட்டில் கட்டாயமாக ஈடுபட வேண்டுமென்று விதித்தார். களைத்த உடம்போடும் அடுத்த நொடியில் முடிவெடுக்கத் தெரிந்தவனே அதிகாரியாகத் தகுதியுள்ளவன் என்ற எண்ணம் அந்த விதியின் அடியில் இருந்ததாகவே நான் கருதுகிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானதே. மற்றப் பல்கலைக்கழக வீரனுக்குப் படிப்பும் ஆட்டமும் மட்டுந்தான். கெடட்டுக்கோ காலை அணிவகுப்பு, வகுப்புகள், படைத்துறைப் பயிற்சி ஆகிய அனைத்தும் முடிந்த பின்னர்தான் மட்டை கைக்கு வருகிறது. அவனுடைய கல்விச் செலவை அரசு முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஈடாக, பட்டம் பெற்றதும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் முழுநேரப் படைச் சேவை செய்ய வேண்டும். மூன்றாம் ஆண்டுப் படிப்பு தொடங்கும்போது அவன் அந்தக் கடப்பாட்டை ஏற்று உறுதிமொழி அளிக்கிறான். அதற்கு முன்னர் விலகிச் செல்பவர்களுக்குச் சேவைக் கடப்பாடு இல்லை.

கேள்வி: சனவரி, பெப்ரவரியில் எங்கள் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போகிறது. அமெரிக்காவின் வடபகுதியில் முழுப் பனிக்காலம் என்கிறார்கள். பெப்ரவரியில் பேஸ்போல் பருவத்தைத் தொடங்கினால் எப்படி ஆடுவார்கள்?
– உயர்தர வகுப்பு மாணவன், நுவரெலியா

பதில்: நல்ல கேள்வி, தம்பி. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேஸ்போல் பருவம் பெப்ரவரி நடுப்பகுதியில் தொடங்குகிறது. ஓர் அணி அதிகபட்சமாக 56 வழக்கமான போட்டிகளில் ஆடலாம். அப்போது வெஸ்ட் பொயின்ட்டின் டபிள்டே மைதானத்தில் பனி கிடக்கும். ஆகவே அணி தொடக்க வாரங்களில் தெற்கு மாநிலங்களுக்குப் பயணம் செய்து, வெயிலில் பழகிய அணிகளை அவற்றின் சொந்த மைதானங்களிலேயே எதிர்கொள்கிறது. பனிக்காலம் முழுவதும் கூரைக்குக் கீழே பயிற்சி செய்துவிட்டு வந்தவர்கள், மாதக்கணக்காகத் திறந்த வெளியில் ஆடியவர்களிடம் முதல் வாரங்களில் தோற்பது வியப்பன்று. மார்ச் மாதத்துப் புள்ளிப் பட்டியலைப் பார்த்து இந்த அணியை யாரும் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. ஏப்ரலில் அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதே உண்மையான அளவுகோல்.

குளிரில் பந்தைப் பற்றிப் பிடிப்பதே சிரமம். மட்டையின் நடுப்பகுதியில் படாத பந்து, கைகளில் சுரீரென்று வலியை ஏற்றிவிடும். கல்லூரிப் போட்டிகளில் உலோக மட்டை பயன்படுத்தப்படுவதால் அந்த அதிர்வு இன்னும் கூடுதலாகத் தெரியும். காற்றும் அடர்த்தியாக இருப்பதால் பந்து தூரம் போவதில்லை.

நீங்கள் மலையில் வாழ்வதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரி, கொலராடோ மாநிலத்தில் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில், நுவரெலியாவை விடவும் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து தாழ்நிலத்தை விடக் கூடுதலாகப் பறக்கிறது; எறிபவர் சுழற்றிவிடும் பந்தோ எதிர்பார்த்த அளவுக்கு வளைவதில்லை. எனவே அங்கே ஓட்டங்கள் குவிவது வழக்கம். ஆற்றங்கரையில் ஆடும் வெஸ்ட் பொயின்ட் அணியின் ஓட்டக் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தாது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லே போட்டி நடக்கும். பேஸ்போலும் அதுவும் ஒன்றுதானே?
– எல்லே அணித் தலைவர், ஹட்டன்

பதில்: உறவு முறை உண்டு, ஒன்றல்ல. இரண்டிலும் அடித்துவிட்டு ஓடி, இடையிலுள்ள நிலைகளைக் கடந்து ஒரு சுற்றை முடித்தால்தான் ஓட்டம் கிடைக்கும். எல்லேயில் ஓடுபவர் மீது பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் அப்படி எறிய முடியாது. பந்தைக் கையில் வைத்துத் தொட வேண்டும், அல்லது அவர் போய்ச் சேர வேண்டிய தளத்துக்குப் பந்து முந்திவிட வேண்டும். எல்லேயில் நாம் தேடிப் பார்ப்பது அடிப்பவரைத்தான். பேஸ்போலிலோ பிட்சர் எனப்படும் பந்தெறிபவரே ஆட்டத்தின் மையம். தோட்டத்து மைதானத்தில் மூங்கில் மட்டையோடு வளர்ந்த எனக்கு இதை உணர்ந்துகொள்ளப் பல நாட்கள் ஆயின. ஒரு கல்லூரி அணியின் வருங்காலத்தைக் கணிக்க விரும்பினால், வார இறுதித் தொடரில் அடுத்தடுத்து ஆடப்படும் போட்டிகளைத் தொடங்கிவைக்க நம்பகமான பிட்சர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: பேஸ்போலைக் கண்டுபிடித்தவர் வெஸ்ட் பொயின்ட் மாணவர் என்பது உண்மையா?
– வாசகர், பதுளை

பதில்: இல்லை. ஏப்னர் டபிள்டே 1839இல் கூப்பர்ஸ்டவுனில் இவ்விளையாட்டை உருவாக்கினார் என்ற கதையை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. அந்த ஆண்டில் அவர் வெஸ்ட் பொயின்ட்டில் படித்துக்கொண்டிருந்தார். 1842இல் பட்டம் பெற்றார். மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது மட்டும் மெய்.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் படையில் இருக்க வேண்டுமென்றால், திறமையான பிள்ளைகள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவே முடியாதா? அது அநியாயம் இல்லையா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தலவாக்கலை

பதில்: கடினம், ஆனால் முடியாததன்று. கிறிஸ் ரோலி என்ற பிட்சர் 2013இல் வெஸ்ட் பொயின்ட்டில் பட்டம் பெற்று, பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றி, பல்கேரியாவிலும் கடமை செய்துவிட்டுத் திரும்பினார். 2017 ஆகஸ்ட் 12ஆம் திகதி டொரொன்டோ புளூ ஜேஸ் அணிக்காகத் வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் பேஸ்போல் தொடரான மேஜர் லீக்கில் தமது முதல் போட்டியில் பந்தெறிந்து வெற்றியும் பெற்றார். வெஸ்ட் பொயின்ட் பட்டதாரி ஒருவர் மேஜர் லீக்கில் ஆடியது அதுவே முதல் தடவை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறுள்ள கல்லூரியில் இது எவ்வளவு அரியது என்று எண்ணிப் பாருங்கள். அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், ஐயா. என்ன கேட்கப்படும் என்று அறிந்தே அந்த இளைஞர்கள் உறுதிமொழி அளிக்கிறார்கள். ஆனால் பந்தெறியும் தோளுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தேழு வயது வரையான காலம் எவ்வளவு விலைமதிப்பற்றது என்பதை அறிந்தவர்களுக்கு, அவர்கள் விட்டுக்கொடுப்பதின் கனம் புரியும்.

கேள்வி: அப்படியானால் வரும் பருவத்தில் அவர்களுக்கு வாய்ப்பு எப்படி?
– கல்லூரி மாணவி, கண்டி

பதில்: வெஸ்ட் பொயின்ட் ஆடுவது பேட்ரியட் லீக் என்ற கல்லூரி அணிகளின் தொடரில். கடற்படைக் கல்லூரி, பக்னெல், ஹோலி கிரொஸ், லஃபாயெற், லீஹை ஆகியன மற்ற அணிகள். தொற்றுநோயால் நிறுத்தப்பட்ட 2020ஐ விட்டால், 2018 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் லீக் பட்டம் வெஸ்ட் பொயின்ட்டுக்கே வந்தது. 2025இல் ஹோலி கிரொஸ் அதைப் பறித்துக்கொண்டது. பட்டம் வெல்லும் அணிக்கு 64 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. அதன் இறுதிக் கட்டம் ஜூன் மாதத்தில் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் நடைபெறும்.

மற்ற அணிகள் குறையுள்ள இடத்துக்குப் பிற கல்லூரிகளிலிருந்து அனுபவசாலிகளை அழைத்து நிரப்பிக்கொள்கின்றன. வெஸ்ட் பொயின்ட்டுக்கு அந்த வழி இல்லை: எங்கிருந்து வந்தாலும் முதலாம் ஆண்டு கெடட்டாகவே தொடங்க வேண்டும். ஆகவே சென்ற ஆண்டு மூன்றாம் ஆண்டில் இருந்தவர்களில் யார் நன்றாக ஆடினார்கள் என்று பாருங்கள். வரும் பருவத்தின் பாரம் அவர்கள் தோளில்தான். என் கணிப்பில், கடற்படைக் கல்லூரியோடு ஆடும் தொடரே அவர்களின் நிலையைக் காட்டும், ஏனெனில் அங்கே எதிரணியும் அதே நேர நெருக்கடியில் அதே கட்டுப்பாடுகளோடு வளர்ந்தது.

லீக் பட்டத்தை வென்றுவிட்டால் இன்னொரு காட்சியையும் காணலாம். வெஸ்ட் பொயின்ட் பட்டமளிப்பு மே மாதக் கடைசியில். தேசியப் போட்டியின் முதற் சுற்று அதற்குச் சில நாட்களின் பின்னர். இறுதியாண்டு வீரர்கள் அப்போது கெடட்டுகள் அல்லர், இரண்டாம் லெப்டினன்ட்கள். முதற் படைப்பணிக்குப் புறப்படும் முன்னர் இன்னும் ஒருமுறை கையுறையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குவார்கள்.