தனியாகப் பறக்கும்போது ஸ்டால் பழகலாமா?

ஓசூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர் ஒருவர், நம் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை: ஐயா, பைலட் பயிற்சியில் இருக்கும் என் மகள் ஸ்டால் பழகுவதாகச் சொல்கிறாள். நடுவானில் என்ஜினை நிறுத்துவார்களா?

இல்லை. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டும்போது, அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து தூக்குவிசை சரிகிறது, அதுவே ஸ்டால். என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போதும் அது நேரும்.

கிருஷ்ணகிரி மாணவர்: முதல் சோலோ (தனியாகப் பறப்பது) முடித்துவிட்டேன். இனி நானாகவே ஸ்டால் பழகலாமா?

உங்கள் இன்ஸ்ட்ரக்டர் அந்தப் பறப்புக்கென்று அனுமதித்திருந்தால், ஒரு பகுதியை மட்டும் பழகலாம் தம்பி. நேராகப் பறந்தபடி, என்ஜின் பவரைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து, எச்சரிக்கை ஒலி கேட்டதுமே மூக்கைத் தாழ்த்தி, பவர் கொடுத்து மீளுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். முழு ஸ்டாலில் ஓர் இறக்கை திடீரெனச் சரியும்போது, கை தன்னிச்சையாக யோக்கை (விமானத்தை இயக்கும் கைப்பிடியை) எதிர்ப்பக்கம் திருப்பும். அதனால் சரிந்த இறக்கையின் பின்விளிம்பிலுள்ள எய்லரான் என்ற அசையும் மடல் கீழிறங்கி, அந்த இறக்கையின் கோணத்தை இன்னும் கூட்டி, விமானத்தை ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி கீழே விழும் நிலையில், தள்ளிவிடக்கூடும். அங்கே தேவைப்படுவது முதலில் மூக்கைத் தாழ்த்துவதும், காலால் இயக்கும் வால் சுக்கானான ரடரால் திசையைக் காப்பதும்தான். இந்தப் பழக்கம் காலில் ஊறும்வரை பக்கத்து இருக்கையில் ஆள் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. திருப்பத்தில் ஸ்டால், முழு பவரில் ஸ்டால் ஆகியவற்றைத் தனியாகத் தொடவே வேண்டாம். இருவரோடு பழகிய விமானம் ஒருவரோடு அப்படியே நடந்துகொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்: எடை குறைவதால் ஸ்டால் வேகம் குறையும், எடை இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

ஓசூர் மாணவி: எவ்வளவு உயரத்தில் செய்வது?

ஒற்றை என்ஜின் விமானத்தில், தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே இறங்காமல் மீண்டு முடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேர்வு விதி. சோலோ மாணவர் தரையிலிருந்து 3,000 அடிக்கு மேலே தொடங்குவதையே நான் விரும்புவேன். கடல்மட்டத்துக்கு அமைத்த அல்டிமீட்டர் (உயரம் காட்டும் கருவி) தரையை அறியாது, அம்மா. ஓசூர் நிலமே ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதால், முள் 5,000 காட்டும்போது உங்களுக்குக் கீழே 2,000 அடிதான் மிச்சம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைகள் அதையும் குறைக்கும்.

தருமபுரி மாணவர்: தனியாகப் பழகாவிட்டால் பயம் எப்படிப் போகும்?

மெதுவாகப் பறப்பதைப் பழகுங்கள். ஸ்டாலுக்கு முந்தைய தளர்ச்சியை யோக்கில் உணரலாம். தரையிறங்கும் முன் கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே என்று சாய்வைக் கூட்டும் மாணவர்தான் ஆபத்தில் சிக்குகிறார். உயரம் மாறாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால், ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடிவிடும். அங்கே மீள உயரம் இராது. சுற்றி வந்து மறுபடி இறங்குங்கள்.